நீந்தும் மீனும் இளஞ்செழியன் கேமராவும்

ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்குவது என்றாலே இளஞ்செழியனுக்கு எட்டிக்காயாகக் கசக்கும். சேதராப்பட்டு ஃபேக்டரியில் ஆட்களை உருட்டி மிரட்டி வேலை வாங்குகிற சூப்பர்வைசர்தான். ஆனால் மீன்காரம்மாக்கள் முன்னால் வாயடைத்துப் போய், யாரும் வாங்காத மீனை வாங்கிக்கொண்டு மூலக்குளம் வீட்டுக்கு வந்து சேருவார். அதனால் ஏழாவது படிக்கும் மகள் சிவசங்கரிக்கு "நம்ம ஊர் மீன்கள்" என்று பள்ளியில் புராஜெக்ட் கொடுத்ததும், மனைவியிடம் பந்தயம் கட்டினார்.

"நானே முடிச்சுத் தரேன். முழு மார்க் வந்துச்சுன்னா இனிமே மார்க்கெட்டுக்கு நீதான் போவணும்."

"சரிங்க" என்றாள் ஹேமலதா. அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மீன் மீனாகக் கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டினார். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அதை எடுத்தவர் பேரும், கிடைத்த இணையதளமும் எழுத வேண்டும் என்பது டீச்சர் உத்தரவு. இளஞ்செழியன் எல்லாவற்றுக்கும் ஒரே போடாக "நன்றி: கூகுள்" என்று போட்டார்.

"ஏங்க, கூகுளா இதையெல்லாம் எடுத்துச்சு?"

"அதுலதான கெடச்சுது?"

"மீனு மார்க்கெட்லதான் கெடைக்குது. அதுக்காக மார்க்கெட்டா வல வீசிப் புடிச்சுது? எடுத்தவன் ஒருத்தன் இருப்பான்ல, அவன் பேரப் போடுங்க."

நியாயம்தான். ஆனால் மறுபடி போய் யார் தேடுவது? கூகுளை அடித்துவிட்டு, "படம்: இளஞ்செழியன், பெரிய மார்க்கெட்" என்று கம்பீரமாக எழுதினார். சொந்தப் படத்துக்கு எவன் விலாசம் கேட்கப் போகிறான்!

"அதுல ஒரு மீனு தண்ணிக்குள்ள நீந்துதே?"

"டீச்சர் அதெல்லாம் கவனிக்க மாட்டாங்க. நீ புதுப் பையாத் தச்சு ரெடி பண்ணு, மார்க்கெட் போவணும்ல?"

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்குப் போய் வந்த ஹேமலதாவை வாசலிலேயே மடக்கினார்.

"மார்க் எவ்ளோ?"

"முழுசா குடுக்க ரெடியா இருக்காங்க. எல்லாரும் எவனோ எடுத்த படத்த ஒட்டியிருக்க, நீங்க ஒருத்தர்தான் சொந்தமா எடுத்தீங்களாம்."

"நான் சொல்லல?" மீசையை முறுக்கினார்.

"அதனால ஞாயித்துக்கெழம கிளாஸ் புள்ளைங்க மொத்தமும் மார்க்கெட்டுக்கு வருது. எந்தக் கடையில எந்த மீன எடுத்தீங்கன்னு நீங்க காட்டணுமாம். காட்டினாத்தான் மார்க்கு. முக்கியமா அந்த நீந்துற மீனு. டீச்சர் சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க."

மீசையிலிருந்து கை நழுவியது. "நீ என்ன சொன்ன?"

"வாராவாரம் போறவருதான், கட்டாயம் வருவாருன்னேன்."

"ஐயையோ! நெட்ல எடுத்ததுன்னு சொல்லிடு ஹேமா!"

"சொல்லிடறேன். நானும் சிவசங்கரியும் எடுத்தவங்க பேரு, வெப்சைட்டு எல்லாம் தேடி எழுதி வெச்சிருக்கோம். ஒட்டினா முழு மார்க்குதான். ஆனா அப்போ புராஜெக்ட் எங்களுது, உங்க பந்தயம் அம்பேல்."

கிளாஸ் முழுக்கப் பிள்ளைகள் சூழ, மார்க்கெட்டில் நீந்தும் மீனைத் தேடி அலைகிற தன்னை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார்.

"சரி, நீயும் அவளுமா ஒட்டிடுங்க."

ஞாயிறு காலை, தைத்து முடித்த புதுப் பையை ஹேமலதா அவர் கையில் மாட்டினாள்.

"வஞ்சிரம் ஒரு கிலோ. புடிச்சவன் பேரக் கேட்டுக்கிட்டு வாங்க."