கடுகு மாமாவும் கரிசல் காடும்

கடுகு மாமாவுக்குக் கோபம் வராத விஷயம் ஒன்றை ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை. கிராமங்களில் நிலம் பிடித்து சோலார் பேனல் பரப்பும் எங்கள் கம்பெனி, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இருக்கிறது. நிலம் பார்த்து அறிக்கை எழுதுவது மாமாவின் வேலை. வலியசாலை அக்ரகாரத்திலிருந்து நடந்து வரும்போதே வெடித்துக்கொண்டு வருவார். லிஃப்ட் மெதுவாக ஏறினால் கோபம். வேகமாக ஏறினாலும், "என்னத்துக்கு இப்படிப் பறக்கறது? மேல என்ன கல்யாணச் சாப்பாடா விளம்பறா?" என்பார்.

ஒரு ஜூன் மாதம் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மேனேஜர், மாமா, நான் மூவரும் போனோம். திருவனந்தபுரத்தில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே வெடித்துக் கிடந்த கரிசல் மண்ணில் ஒரு புல் இல்லை. ஜூனில் நனையாத மண்ணை மண் என்றே எங்கள் ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

"ஜூன் ஆயிட்டும் ஒரு துள்ளி மழை இல்ல. பின்ன எப்ப பெய்யும்? தரிசுன்னு எழுதிக்கோ மாமா," என்றார் மேனேஜர்.

மாமாவுக்கு அந்த மண்ணின் மேலேயே கோபம் வந்தது. அங்கே குத்தகைக்கு உழுகிற செல்லக்கனியைப் பிடித்து, "ஏன்டியம்மா, இத்தனை நிலத்தையும் சும்மா போட்டிருக்கேளே, வெக்கமா இல்லையோ?" என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐப்பசியில மழ விழுந்தாத்தான்யா இங்க வெதைப்பு. கார்த்திகையில வந்து பாருங்க, உளுந்து முட்டளவு நிக்கும். நெலத்துக்காரரு மெட்ராஸுல இருந்துக்கிட்டு ஒங்களுக்குக் குடுத்துருவாரு. நாங்க எங்க போயி வெதைக்க?"

மாமா எங்கள் பக்கம் திரும்பினார். "வெதைக்கிற மண்ணைத் தரிசுன்னு எழுதச் சொல்றேளே, நீங்கள்ளாம் சாப்பிடறது சோறுதானா? அந்தாண்ட கல்லாங்காடு கிடக்கே, அங்க வெயில் அடிக்கலையாக்கும்?"

அங்கே தரையைச் சமப்படுத்தச் செலவாகும் என்றார் மேனேஜர். தரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் மாமா. ஊர் வந்து சேரும்வரை எங்கள் காது காதாக இல்லை.

முதலாளியை அரித்தெடுத்து, கார்த்திகையில் அங்கே கூட்டிக்கொண்டு போனார். தரிசைப் பார்க்கப் போன முதலாளியின் கார், அந்தத் தரிசிலேயே சக்கரம் முழுகச் சிக்கியது. இறங்கியவர் செருப்பைச் சேற்றில் பறிகொடுத்துவிட்டு, பச்சைப் பசேலென்ற உளுந்துக்கு நடுவே நின்றார். செல்லக்கனியும் ஊராரும் தள்ளித்தான் கார் ரோட்டுக்கு வந்தது. பேனல்கள் கல்லாங்காட்டுக்குப் போயின.

இதற்குக் கம்பெனி மாமாவுக்குச் செய்த மரியாதை என்ன தெரியுமா? இனி வெளியூர் வேலை வேண்டாம், ஆபீஸ் ஏ.சி.களைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். ஓர் ஊரின் பிழைப்பைக் காப்பாற்றிய மனிதருக்கு ஏ.சி. துடைக்கிற வேலை. நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. "உங்க ஏ.சி.யும் நீங்களும்," என்று சொல்லிவிட்டு அன்றைக்கே எழுந்து போய்விட்டார்.

தை மாதம் ஆபீசுக்கு ஒரு மூட்டை உளுந்து வந்தது. கோவக்கார ஐயாவுக்குச் செல்லக்கனி கொடுத்தாள் என்று பஸ்காரர் இறக்கிவிட்டுப் போனார். வலியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அவளுக்கே காணாது, எதுக்கு இதெல்லாம்? நீ எதுக்குச் சுமந்துண்டு வந்தே, ஆட்டோ கிடைக்கலையா?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. திட்டிக்கொண்டே ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார். திட்டிக்கொண்டே எனக்காக வடைக்கு ஊறப் போட்டார்.

எங்கள் ஆபீசில் இப்போது யாரும் யாரிடமும் கோபப்படுவதில்லை. அந்தத் திட்டைக் கேட்பதற்காகவே நான் அடிக்கடி வலியசாலைப் பக்கம் போய் வருகிறேன்.