சகலை இல்லாத வியன்னா

இந்தத் தடவை சகலையின் முகத்தில் விழிப்பதில்லை என்று ஷவ்கி முடிவு செய்தார். வெறும் முடிவு அல்ல, சத்தியம். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்துக்கே கையடித்துச் சத்தியம் செய்து கொடுத்தார்.

ஆறு வருஷம் ஆசைப்பட்டு, குடும்பத்தோடு ஐந்து நாள் வியன்னா போகிறார்கள். விசா வந்தாயிற்று. விமான டிக்கெட் வந்தாயிற்று. வியன்னாவில் அரண்மனை உண்டு, ராட்சத ராட்டினம் உண்டு, கேக் உண்டு. கூடவே ஷெஹாத்தாவும் உண்டு. அதுதான் சிக்கல்.

ஷெஹாத்தா, மனைவி இன்ஷிராஹின் அக்கா புருஷன். முப்பது வருஷமாக அங்கே லிஃப்ட் ரிப்பேர் செய்கிறார். சகலை என்றால் சகலமும் தெரிந்தவர் என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும். போன கோடையில் ஒரு வாரம் அலெக்சாந்திரியாவுக்கு வந்து, ஷவ்கியின் பால்கனியில் ஷவ்கியின் நாற்காலியில் உட்கார்ந்து, ஷவ்கியின் டீயைக் குடித்துக்கொண்டே பேசினார்.

“எங்க வியன்னாவுல யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க, சகலை.”

“அப்படியா.”

“எங்க வியன்னாவுல ஆரஞ்சுத் தோலுக்கு ஒரு தொட்டி. ஆரஞ்சு வாங்கின பைக்கு ஒரு தொட்டி.”

“ஆரஞ்சு தின்னவனுக்கு?”

“ஹா ஹா. எங்க வியன்னாவுல இப்படியெல்லாம் ஜோக் அடிக்க மாட்டாங்க.”

நாலாம் நாள் ஷவ்கி குப்பை போடப் போகிறேன் என்று கீழே இறங்கியவர், இரண்டு மணி நேரம் கட்டடக் காவல்காரரோடு உட்கார்ந்து பூசணி விதை கொறித்துவிட்டு வந்தார்.

வியன்னாவுக்கே போய்விட்டு அக்கா வீட்டுக்குப் போகாமல் வருவதா? இன்ஷிராஹிடம் நேரடியாகச் சொன்னால் விமானம் கிளம்பாது, வீடு கிளம்பும். ஆனால் ஷவ்கியின் கையில் ஒரு ஆயுதம் இருந்தது. அவர் புவியியல் வாத்தியார். பள்ளிக்கூடத்துக்கே டைம்டேபிள் போடுகிறவர். அவர் போட்ட டைம்டேபிளில் பத்தொன்பது வருஷமாக எந்த வாத்தியாரும் உட்கார்ந்து டீ குடித்ததில்லை.

சாப்பாட்டு மேஜையில் ஸ்கேலும் கலர் பென்சிலும் வைத்துக்கொண்டு மூன்று நாள் உழைத்தார். ஐந்து நாள், காலை எட்டிலிருந்து இரவு ஒன்பது வரை, ஒரு ஊசி நுழைய இடம் இல்லை. நேரம் குறித்து விற்கிற டிக்கெட்டுகளையே தேடித் தேடி வாங்கினார். வியாழக்கிழமை இரண்டிலிருந்து நாலு வரை மட்டும் ‘ஓய்வு’ என்று எழுதினார். அது ஓய்வு அல்ல. வியன்னாவில் உலக உருண்டைகளுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. குடும்பம் ஹோட்டலில் தூங்கும்போது நைசாக நழுவி அங்கே போவது அவர் திட்டம். இருபது வயதிலிருந்து கனவு கண்ட இடம். அதைக் கூட்டத்தோடு பார்க்க அவருக்கு மனசில்லை.

தாளை மனைவி முன் விரித்தார். இன்ஷிராஹ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

“அடேயப்பா. பாத்ரூம் போறதுக்குக்கூட நேரம் போட்டிருக்கீங்களே.”

“ஏழு நிமிஷம். பையன் ஷாதிக்கு மட்டும் பதினொண்ணு.”

“அக்கா வீட்டுக்கு?”

ஷவ்கி இந்தக் கேள்விக்காகவே ஒரு சோக முகம் தயார் செய்து வைத்திருந்தார். “நானும் எவ்வளவோ பார்த்தேன், இன்ஷிராஹ். எங்கே நுழைக்கிறது, நீயே சொல்லு.”

“டிக்கெட்டெல்லாம் மாத்த முடியாதா?”

“கவர்னரே போய்க் கேட்டாலும் முடியாது.”

“அப்படின்னா இதுல எழுதியிருக்கிற நேரத்துக்கு எழுதியிருக்கிற இடத்துல கட்டாயம் இருப்போம்?”

“நிமிஷம் தப்பாது.”

“சரி. நானே அக்காகிட்டச் சொல்லிடறேன்.”

சண்டை இல்லை. கண்ணீர் இல்லை. ஷவ்கிக்கே சற்று ஏமாற்றமாக இருந்தது. அவர் முன்னாலேயே ஃபோனை எடுத்தாள்.

“அக்கா, மனசுல எதுவும் வச்சுக்காதே. உன் வீட்டுக்கு வர நேரமே இல்ல... நிஜமாத்தான். நம்பலைன்னா படிக்கிறேன், கேளு. செவ்வாய், பத்து மணி பத்து நிமிஷம், ஷோன்புருன் அரண்மனை, தெற்கு வாசல்...”

“பத்து அஞ்சு!” என்று ஷவ்கி குறுக்கிட்டார். “வடக்கு வாசல்!”

“பத்து அஞ்சாம் அக்கா, வடக்கு வாசலாம்.”

ஐந்து நாளையும் ஒப்பித்தாள். ஷவ்கி பக்கத்தில் நின்று டிராம் நம்பர்களைத் திருத்திக் கொடுத்தார். வியாழன் ‘ஓய்வு’ வந்ததும் ஒரு நொடி நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஷவ்கி பதறினார்.

“அப்ப நான் தூங்கணும்! டாக்டர் சொல்லியிருக்காருன்னு சொல்லு!”

“தூங்கணுமாம் அக்கா,” என்றாள் இன்ஷிராஹ் அமைதியாக.

பெட்டி கட்டும்போது ஒரு பெரிய பை தட்டுப்பட்டது. உள்ளே காய்ந்த முலூகியாக் கீரை, இரண்டு கிலோ.

“ஹோட்டல்ல தங்கப்போறோம். கீரை எதுக்கு?”

“வெளியூர் போனா வயிறு எப்படி இருக்குமோ. கையில இருக்கட்டும்.”

வெற்றியடைந்தவன் கீரைக்கெல்லாம் கணக்குக் கேட்பானா? ஷவ்கி பெட்டியைப் பூட்டினார்.

திங்கள் இரவு வியன்னாவில் இறங்கினார்கள். வரவேற்க யாரும் இல்லை. ஷவ்கி விமான நிலையத்தில் ஆனந்தமாகக் கொட்டாவி விட்டார். ஷெஹாத்தா இல்லாத வியன்னாவின் காற்றே தனி என்று மகள் லமீஸிடம் சொன்னார். பதின்மூன்று வயது லமீஸ் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

செவ்வாய், பத்து அடிக்க மூன்று நிமிஷம். வடக்கு வாசல்.

“வாங்க சகலை! எட்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்களே! எங்க வியன்னாவுல சரியான நேரத்துக்குத்தான் வருவாங்க!”

ஷெஹாத்தா தொப்பியும் தோள்பையுமாக நின்றார். கையில் ஷவ்கியின் டைம்டேபிள், ஃபோனில் கேட்டு எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு. பக்கத்தில் இன்ஷிராஹின் அக்கா ஸுஹைர், பின்னால் ஒரு கூடை சாப்பாடு.

“ஒரு வாரம் லீவு போட்டுட்டேன்! நீங்க வாங்கின நேரத்துக்கே எல்லா டிக்கெட்டும் வாங்கிட்டேன்! எவ்வளவு தெளிவான டைம்டேபிள்! நீங்க லிஃப்ட் கம்பெனிக்கு வந்திருக்கணும், சகலை!”

ஷவ்கி மனைவியைத் தனியே இழுத்தார்.

“என்ன இது?”

“என்னங்க பண்றது? நாம அவங்க வீட்டுக்குப் போக நேரமில்லைன்னீங்க. அவங்க நாம இருக்கிற இடத்துக்கு வரக்கூடாதுன்னு அதுல எங்கேயும் எழுதலையே?”

“முலூகியா?”

“கூடையில இருக்கு. நேத்து ராத்திரி நீங்க தூங்கினப்புறம் அக்கா வந்து வாங்கிட்டுப் போய்ச் சமைச்சுட்டா. மத்தியானம் ஒண்ணு இருபதுக்குச் சாப்பிடறோம். நீங்கதான் நேரம் போட்டீங்க.”

அரண்மனையின் ஒவ்வொரு அறையிலும் ஷெஹாத்தா பேசினார். அரசர் கட்டிலை விட அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் எங்கே வைத்திருக்கலாம் என்பதைப் பற்றித்தான் அதிகம். புதனன்று ராட்டினத்தின் உச்சியில், இறங்கி ஓடவும் வழியில்லாத உயரத்தில், இரும்புக் கயிற்றின் தடிமனை விளக்கினார்.

“மத்தியானம் பிளானை மாத்தலாம்,” என்றார் ஷவ்கி நைந்த குரலில். “ஆத்துப் பக்கம் போகலாமே?”

“டிக்கெட் மாத்த முடியாதேப்பா,” என்றான் ஷாதி. “கவர்னரே கேட்டாலும் முடியாதுன்னு அம்மா சொன்னாங்க.”

ஷவ்கி வியாழக்கிழமைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

வியாழன் இரண்டு மணிக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார். ஓடினார் என்றே சொல்லலாம். மியூசியத்தில் கூட்டமே இல்லை. பழைய உருண்டைகள் கண்ணாடிக்குள் வரிசையாக, அந்தி மஞ்சள் நிறத்தில் நின்றன. ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், அவர் தனியாக நின்றார்.

“சகலை!”

திரும்பாமலே தெரிந்தது.

“இன்ஷிராஹ்தான் டிக்கெட் வாங்கிக் கொடுத்தா. ‘அத்தான், அவர் ஓய்வுன்னு எழுதினா உலக உருண்டைகிட்டதான் இருப்பார், துணைக்குப் போங்க’ன்னா.” ஷெஹாத்தா சுற்றிலும் பார்த்துத் தலையைச் சொறிந்தார். குரல் தணிந்தது. “எங்க வியன்னாவுல... இப்படி ஒரு இடம் இருக்கறதே எனக்குத் தெரியாது, சகலை. இதெல்லாம் என்ன?”

ஷவ்கி அவரை மெதுவாக ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“இப்படி வாங்க,” என்றார்.

கலிஃபோர்னியாவைத் தீவு என்று வரைந்தவர்களைப் பற்றிச் சொன்னார். நைல் நதி எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஏரியை இட்டுக்கட்டியதைச் சொன்னார். கடலில் காலி இடம் இருந்தால் மீன் வரைந்து ஒப்பேற்றியதைச் சொன்னார். ஓர் உருண்டைக்குப் பத்து நிமிஷம். ஷெஹாத்தா இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் ஷவ்கி அடுத்த உருண்டைக்குப் போய்விட்டார். மூன்றாவது அறையில் ஷெஹாத்தா காவலாளியின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“சகலை, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

“அஞ்சே நிமிஷம். நிலா உருண்டை இருக்கு, அதை விடக்கூடாது.”

நாலு மணிக்கு ஷவ்கி இரண்டடி உயர்ந்திருந்தார். ஷெஹாத்தாவைத் தோளில் கைபோட்டுத் தாங்கி, பெண்கள் காத்திருப்பதாக அவர் சொன்ன காஃபிக் கடைக்கு அழைத்து வந்தார். அக்காவும் தங்கையும் காலித் தட்டுகளுக்கு நடுவே, சிரித்துச் சிரித்துச் சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளின் வாயெல்லாம் கிரீம். ஷெஹாத்தா ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியில் சரிந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஷவ்கி மனைவியின் காதருகே குனிந்தார்.

“என்னைத் தோற்கடிச்சிட்டேன்னு நினைச்சே இல்ல? உங்க அத்தானை ரெண்டு மணி நேரம் வாயைத் திறக்க விடல. வசமா மாட்டிக்கிட்டார்!”

இன்ஷிராஹ் கடைசித் துண்டு கேக்கை நிதானமாக விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

“தெரியும். நாங்க ரெண்டு பேரும் நிம்மதியா உட்கார்ந்து பேசணும்னு ஆறு மாசமா ஆசை. அவரை யார் தலையில கட்டறதுன்னு அக்கா யோசிச்சா, உங்களை யார் தலையில கட்டறதுன்னு நான் யோசிச்சேன்.”