வாத்துப் படம் எடுக்கப் போய்ப் பெரியவரைச் சாகடித்த கதை

நான் போட்டோக்காரனாகத் தொழில் தொடங்கிய நாளில், அரியலூர் வட்டாரத்தில் உயிரோடு இருக்கும் எவரும் எனக்கு முகம் காட்டியதில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அப்படி ஒரு நம்பிக்கை. செத்த பிறகு குறைவதற்கு ஒன்றும் இல்லை அல்லவா, அப்போதுதான் ஆள் அனுப்புவார்கள். பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்து, நெற்றியில் பட்டை போட்டு, பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தி, "நல்லா வுழணும் தம்பி" என்பார்கள். (பிணம் அசையாது. அழுகிறவர்கள்தான் அசைந்து படத்தைக் கெடுப்பார்கள்.) இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இது ஒரு பிழைப்பா? இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இதிலிருந்து தப்பிக்க எனக்கு ஒரே ஒரு வழி வந்தது. அது ஒரு வெள்ளைக்காரத் துரை. யுத்தம் முடிந்த சமயம். ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் தேட வந்திருந்த அவருக்கு வாத்துக் கிறுக்கு. போன தேசமெல்லாம் காட்டு வாத்துகளையும் அன்னங்களையும் படம் பிடித்து ஒரு தடித்த ஆல்பத்தில் ஒட்டி வைத்திருந்தார். பனிக்கட்டி நடுவே அன்னம், கனடாவில் வாத்து, இன்னும் என்னென்னவோ. கடைசிப் பக்கம் மட்டும் காலி. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வாத்துக்காக அதை விட்டு வைத்திருந்தார். இமயமலையைத் தாண்டி வந்து, மார்கழியில் நம் கரைவெட்டி ஏரியில் இறங்குமே, அந்த வாத்துதான்.

துரையோ கல்லுக்குழியில் விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். ஊருக்குக் கப்பலேற இரண்டே வாரம். "நீ எடுத்து வா, எங்கள் இலாகாவில் உன்னைப் போட்டோகிராபராகச் சேர்த்து விடுகிறேன்" என்றார். சர்க்கார் உத்தியோகம்! இனி என் முன்னால் பிணம் உட்காராது! என்னிடம் இருந்தது இரண்டே கண்ணாடித் தகடு; தகட்டுக்கு ஒரு படம்தான் விழும். யுத்தப் பஞ்சத்தில் மூன்றாவது தகட்டை எங்கே போய்த் தேடுவது?

முதல் நாளே கீழப்பழுவூரில் தங்கி, விடியற்காலையில் சைக்கிளை மிதித்துக் கரைவெட்டிக்குப் போனேன். ஏரிக்கரையில் முக்காலியை நட்டு, காமிராவை ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் காத்திருந்தேன். வாத்துகள் மெல்ல மெல்லக் கரைப் பக்கம் நீந்தி வந்தன. கல்லெறி தூரம். இன்னும் கொஞ்சம் வந்தால் போதும்.

அப்போது பார்த்து ஒரு அம்மா குடத்தோடு வந்து, "எந்த வூட்டுக்குங்க வந்திருக்கீங்க?" என்றார்.

வாத்து கலைந்துவிடுமே என்று நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், காமிராவைப் பார்த்தார், கரைக்குக் கீழே இருந்த ஓட்டு வீட்டைப் பார்த்தார். அங்கே பொன்னுசாமி என்ற பெரியவர் பத்து நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? குடம் கீழே விழுந்தது.

"ஐயோ, மாமா போயிட்டாரே!"

அவ்வளவுதான். ஊரே கரையேறி வந்து மாரடித்தது. எங்கிருந்தோ பறை வேறு முழங்கியது. ஒருவருக்காவது அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கத் தோன்ற வேண்டாமா? "அரியலூர்லேர்ந்து போட்டோக்காரரே வந்துட்டாரு, நமக்குத்தான் சேதி வரல" என்று ஒருவர் என் எதிரிலேயே விளக்கம் கொடுத்தார். வாத்துகள் மொத்தமும் எழும்பின. பதறிப்போய்க் காமிராவில் படம் பிடிக்கிற ரப்பர் பந்தை அமுக்கினேன். முதல் தகட்டில் வெறும் தண்ணீர்தான் விழுந்தது.

ஒப்பாரி கேட்டு விழித்துக்கொண்ட பொன்னுசாமி, தடியை ஊன்றிக்கொண்டு துக்கம் விசாரிக்கத் தானே கரையேறி வந்தார். "யாருப்பா போனது?"

ஒரு கிழவி மயங்கி விழுந்தாள். விஷயம் புரிந்ததும் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, நான் சாவறதுக்குள்ள உனக்கு என்னடா அவசரம்?"

"வாத்தைப் படம் எடுக்க வந்தேனுங்க."

"வாத்தையா? நாத்தைத் திங்கிற வாத்தை எவன்டா படம் புடிப்பான்?"

மொத்த ஊரும் அது பொய் என்று தீர்ப்புச் சொன்னது. யாரோ, செத்ததாகச் சேதி பரவினால் ஆயுசு கெட்டி என்று சமாதானம் சொன்னார்கள். பெரியவர் யோசித்தார். "அப்ப என்னைப் படம் புடிச்சுரு. கொறையறது கொறையட்டும், கூடுனதுல கழிச்சுக்கலாம்."

இருப்பது ஒரே தகடு என்று கெஞ்சினேன். வாத்துகள் வட்டமடித்துத் திரும்பி வருவதைக் கையைக் காட்டிச் சொன்னேன். யார் கேட்டார்கள்? என் சைக்கிள் அவருடைய மகன் பிடியில் இருந்தது. நாற்காலி வந்தது. பழக்கதோஷத்தில் பெரியவரின் தாடையைச் சேர்த்துக் கட்டத் துணியோடு வந்த பங்காளி ஒருவர் தடியால் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் பந்தை அமுக்கிய நொடியில், என் வாத்துகள் அத்தனையும் அவர் தலைக்கு மேலே கூவிக்கொண்டு போயின.

கழுவிப் பார்த்தால் பெரியவர் முறைத்தபடி பளிச்சென்று விழுந்திருந்தார். அவர் தலைக்கு மேல் வரிசையாகச் சிறு புள்ளிகள். துரை பூதக்கண்ணாடி வைத்து வெகு நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கோபக்காரர் யார்?" என்று மட்டும் கேட்டார். அவர் கப்பலேறினார். என் உத்தியோகமும் போயிற்று, மானமும் கப்பலேறியது. மறு வாரமே செந்துறையில் ஒரு பிணம் எனக்காக நாற்காலியில் காத்திருந்தது.

பொன்னுசாமி அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். அவர் நிஜமாகவே போன பிறகு, அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி மகன் வந்தார்.

"அப்பா தலைக்கு மேல ஈ மொய்க்கிற மாதிரி புள்ளி புள்ளியா இருக்குங்க. அதை மட்டும் எடுத்துருங்க."

"அது ஈ இல்லைங்க, வாத்து! இமயமலையிலேர்ந்து வந்தது!"

"எங்கேர்ந்து வந்தா என்னங்க, அப்பா தலைக்கு மேல எதுக்கு?"

மெல்லிய தூரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் ஆயுசில் நான் எடுத்த ஒரே வாத்துப் படத்தில் இருந்த நாற்பத்து மூன்று வாத்துகளையும், ஒவ்வொன்றாக, என் கையாலேயே அழித்தேன். ஆத்திரம் தாங்காமல் அதை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த தவறு. விருந்தாளி யார் வந்தாலும் என் மனைவி இன்றும் என்னை அறிமுகம் செய்வது இப்படித்தான்:

"துப்பாக்கி இல்லாமலே ஒரே நாள்ல நாப்பத்து மூணு வாத்தைக் காலி பண்ணுனவரு இவருதாங்க."