சிவப்பென்றால் எந்தச் சிவப்பு?

வெள்ளவத்தை ஸ்ரீஸ்கந்தராசா தம் ஆயுளில் எடுத்த சபதம் ஒன்றே ஒன்றுதான். இனிமேல் எஞ்சின் சிவப்பில் பிழை விடுவதில்லை.

நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. சனங்கள் அடையாள அட்டையைப் பற்றி யோசித்தார்கள், பொலிஸ் பதிவைப் பற்றி யோசித்தார்கள். இவர் சிவப்பைப் பற்றி யோசித்தார். காரணம், கராஜுக்குள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடந்த ஒரு பழைய இங்கிலாந்துக் கார். இரண்டே சீற். கூரை கிடையாது. என்ன கம்பனி என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே வந்து விலை கேட்பீர்கள். அது ஓடினால் காலி வீதியில் பஸ்கள் ஒதுங்கி நின்று மரியாதை செய்யும் என்பார் அவர். அது ஓடி நான் பார்த்ததில்லை. பஸ்களும் பார்த்ததில்லை.

பழைய கார்களுக்கு ஒரு போட்டி காலிமுகத்திடலில் வருஷா வருஷம் நடக்கும். போன வருஷம் காரைத் தள்ளிக்கொண்டே போய் நிறுத்தினார். நடுவர் ஹெக்டர் என்ற பறங்கிக் கிழவர் வந்து எஞ்சினை மூடும் பொனற்றைத் திறந்தார். பார்த்தார். முகம் சுருங்கியது.

"மை டியர் மேன், இது தபால்பெட்டிச் சிவப்பு. ஃபக்டரியில் எஞ்சினுக்கு அடித்த சிவப்பு இது இல்லை!"

சொல்லிவிட்டுச் சவப்பெட்டியை மூடுவதுபோல மெதுவாகப் பொனற்றை மூடினார்.

அன்றைக்கு விழுந்த அடியில் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குச் சோறு இறங்கவில்லை. விசிறி கறுப்பு, சரி. கியர்பெட்டி வெறும் அலுமினியம், சரி. எஞ்சின் சிவப்புதான், ஆனால் எந்தச் சிவப்பு? காருக்கு அடியில் குடியிருந்தார். கடைசியில் ஸ்டார்ட்டர் மோட்டருக்குப் பின்னால், எந்தக் கராஜ்காரனின் பிரஷும் எட்டாத ஒரு மூலையில், நகக்கண் அளவுக்கு ஃபக்டரி அடித்த பெயின்ற் அப்படியே இருந்தது. சவர பிளேட்டால் சுரண்டி எயார் லெட்டருக்குள் ஒட்டி லண்டன் மைத்துனருக்கு அனுப்பினார். மைத்துனர் அதைப் பெயின்ற் கடையில் காட்டி அதே நிறத்தைக் கலக்க வைத்து, கொழும்புக்கு வந்த ஒருவரிடம் ஒரு டின் கொடுத்துவிட்டார். பீற்றூட் கறி ஆறினால் சட்டி ஓரத்தில் ஒரு நிறம் ஒட்டியிருக்குமே, அச்சொட்டாக அதுதான். ஹெக்டரின் வாயை அடைக்கும் நிறம்.

டின் வந்துவிட்டது. ஆனால் அதை வீட்டுக்குள் எங்கே வைப்பது? அங்கேதான் சிக்கல். அவருடைய மனைவி சரோஜினிதேவி பெயின்ற் என்ற சொல்லுக்காகவே காத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, கேற்றுக்கு எப்ப பெயின்ற் அடிக்கிறது?"

"சண்டை முடியட்டும்."

"சண்டைக்கும் கேற்றுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"பெயின்ற் தட்டுப்பாடு."

"கடல்காத்துப் பட்டுக் கறள் பிடிச்சு, வாற ஆக்கள் எல்லாம் கையைத் துடைச்சுக்கொண்டு வருகினம். நேற்று என்ர காஞ்சிபுரத்தில ஒரு கோடு!"

"கறளும் ஒரு நிறம்தானே. இரும்பின்ர ஒறிஜினல் நிறம் அதுதான்."

ஆகவே டின்னை அவள் ஐயப்படாத இடத்தில் வைத்தார். சாமி அறையில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால், பேப்பரில் பொதிந்து, கறுப்பு ரேப்பால் இறுக்கிச் சுற்றி.

"அதென்ன பிள்ளையாருக்குப் பின்னால?"

"காசித் தீர்த்தம். லண்டனிலயிருந்து வந்தது. திறக்கக்கூடாது."

"காசித் தீர்த்தம் லண்டனாலயோ வருது?"

"சண்டைக் காலம். சுத்தித்தான் வரும்."

சரோஜினிதேவி பிள்ளையாரை ஒரு தரம் பார்த்தாள், புருஷனை ஒரு தரம் பார்த்தாள். ஸ்ரீஸ்கந்தராசா வென்றுவிட்டதாக நினைத்தார். போட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை பெயின்ற் அடித்தால் காய்ந்துவிடும்.

வியாழக்கிழமை காலை பொலிஸார் வந்து, வீடிருந்த சிறு ஒழுங்கையின் இரண்டு முனையையும் மறித்துவிட்டார்கள். வீடு வீடாகச் சோதனை.

இந்த இடத்தில் ஒரு விஷயம். ஸ்ரீஸ்கந்தராசா கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் காலமெல்லாம் இங்கிலிஷிலேயே வேலை பார்த்து இளைப்பாறியவர். சிங்களத்தில் அவருக்குத் தெரிந்தது, சரி சரி என்ற பொருளில், "ஹரி ஹரி" மட்டும். சரோஜினிதேவியின் தகப்பன் சிங்கள ஊரான பொல்கஹவெலையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே பொலிஸ் வந்தால் அவள்தான் கதைப்பாள், இவர் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார்.

இன்ஸ்பெக்டர் சாமி அறைக்குள் போனார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் போனார். வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. உள்ளே கையைக் காட்டி ஏதோ கத்தினார். கறுப்பு ரேப் சுற்றிய டின்! பார்த்தால் குண்டு மாதிரியே இருந்தது.

அவ்வளவுதான். பின்னால் வந்த கான்ஸ்டபிள்கள் முற்றத்துக்குப் பாய்ந்தார்கள். பக்கத்து வீட்டு ஸவாஹிர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "அண்ணே, நாங்க பின்பக்கத்தால போறோம்!" என்று கத்திவிட்டு, போகாமல் நின்றார். ஸ்ரீஸ்கந்தராசாவின் நெஞ்சு ஸ்டார்ட்டர் மோட்டர் மாதிரி இழுத்தது, பிடிக்கவில்லை.

"என்னவாம் சரோ?"

"உள்ளுக்க என்ன எண்டு கேக்கிறார்."

"தீர்த்தம் எண்டு சொல்லும்!"

"தீர்த்தத்துக்கு ஆர் ரேப் சுத்துறது? உண்மையைச் சொல்லுங்கோப்பா, அள்ளிக்கொண்டு போகப்போறாங்கள்."

"பெ... பெயின்ற்."

"என்ன பெயின்ற்?"

"எஞ்சினுக்கு."

சரோஜினிதேவி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். பிறகு சிங்களத்தில் நீளமாகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் டின்னைத் திறந்தார். உள்ளே பார்த்தார். அவர் முகத்தில் சடாரென்று வெளிச்சம் வந்தது. கராஜுக்குப் போனார், தார்ப்பாயைத் தூக்கினார், பொனற்றைத் தடவினார். வளவளவென்று கதைத்தார்.

"என்னவாம், என்னவாம்?"

சரோஜினிதேவியின் முகம் செத்த வீட்டு முகமாகிவிட்டது.

"சந்தேகமாம். ஒருதற்ற கண்ணிலயும் படாத சாமானுக்கு எந்த விசரன் பெயின்ற் அடிப்பான் எண்டு கேக்கிறார். இதில வேற ஏதோ விஷயம் இருக்காம்."

"ஐயோ! ஹெக்டரைக் கேக்கச் சொல்லும்!"

"ஹெக்டர் ஆர், எங்க இருக்கிறார், அவருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு எண்டு சி.ஐ.டி.யின்ர நாலாம் மாடியில வச்சுக் கேப்பினமாம்."

ஸ்ரீஸ்கந்தராசா கராஜ் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டில பெயின்ற் வச்சிருந்தா வீட்டுக்கு அடிக்க வேணுமாம். நாளைக்கு இதால போகேக்க கேற் இந்த நிறத்தில இருக்க வேணுமாம்."

"அந்தாள் சிரிச்சுக்கொண்டெல்லோ சொல்லுது?"

"சிரிக்கிற பொலிசுக்குத்தான் கூடப் பயப்பிட வேணும்."

இன்ஸ்பெக்டர் இன்னும் பெரிதாகச் சிரித்து, ஸ்ரீஸ்கந்தராசாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார். தோள் பின்னேரம் வரை நடுங்கியது.

அன்றைக்கே பிரஷ் எடுத்தார். கண்ணில் நீர் முட்ட, ஃபக்டரிச் சிவப்பை ஒழுங்கைக் கேற்றில் இழுத்தார். சரோஜினிதேவி கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ரெண்டு கோட் எண்டு சொன்னவர்."

"எப்ப சொன்னவர்?"

"போகேக்க. உள்பக்கமும் எண்டவர்."

மதிலுக்கு மேலே ஸவாஹிர் வந்தார். "மாஷா அல்லாஹ், மஸ்கட் அல்வாக் கலர் அண்ணே!"

"இது எஞ்சின் சிவப்பு! ஸவாஹிர், அந்தாள் சொன்னது உமக்கும் கேட்டதுதானே?"

"கேட்டிச்சி அண்ணே. ஆனா மெடம்தான் வடிவா விளங்கப்படுத்தினாங்களே..." என்றவருக்கு ஒரு இருமல் வந்தது. இருமிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார்.

டின் துடைத்துவிட்டதுபோல் காலியானது. ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடலில் போட்டி நடந்தது; ஸ்ரீஸ்கந்தராசா கேற்றடியில் நின்றார். சரோஜினிதேவி உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர்! சீருடை இல்லை, பூப்போட்ட சேர்ட். கேற்றைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"அய்யோ ஐயா, உண்மையாவே இதைக் கேற்றுக்கு அடிச்சிட்டீங்களா?"

தமிழ்! ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு உச்சந்தலையில் மின்சாரம் பாய்ந்தது.

"உங்களுக்கு... தமிழ் தெரியுமோ?"

"மட்டக்களப்பு ஸ்டேஷன்ல கன காலம் இருந்த நான். எங்கட அப்பா பெரிய மெக்கானிக் ஐயா. இந்தச் சாதிக் கார் எல்லாம் அவர் திருத்தினது. இதுதான் சரியான எஞ்சின் சிவப்பு, நல்லா அடிங்க, ஞாயிறு நான் போட்டிக்கு வந்து பாக்கிறன் எண்டுதான் அண்டைக்குச் சொன்ன. இப்ப அங்க போய்ப் பாத்தன். கார் இல்ல."

"அப்ப கேற்?"

"கேற் பத்தி நான் ஒண்டும் சொல்லல்ல. மெடம்தான் சொன்னது."

"தமிழ் விளங்கியும் ஏன் ஐயா பேசாமல் நிண்டனீங்கள்?"

இன்ஸ்பெக்டர் வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கட ஊட்டுலயும் மெடம் ஒண்டு இருக்கு ஐயா. மெடம் பேசக்குள்ள நடுவில பேசினா இடுப்பில துவக்கு இருந்தும் சரிவராது."

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. ஸ்ரீஸ்கந்தராசா குசினிக்குள் பாய்ந்தார்.

"அந்தாளுக்குத் தமிழ் தெரியும்! எல்லாம் சொல்லிப்போட்டுப் போகுது!"

"தெரியும் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். சிரிப்பை அடக்கேலாமல் நிண்டவர்."

"கேற் பெயின்ற் வேணுமெண்டால் என்னட்ட நேர சொல்லியிருக்கலாமே! பொலிஸ் சொன்னதெண்டு ஏன் பொய் சொன்னனீர்?"

சரோஜினிதேவி துருவலை நிறுத்தவில்லை.

"கலியாணம் கட்டின நாள் தொடக்கம் தமிழிலதானே சொன்னனான். உங்களுக்கு விளங்கேல்ல."