கத்தரிக்கோல் ஆராய்ச்சி

"கத்தரிக்கோலைத் தேடுறதுக்குச் சம்மதப் படிவமா?" என்றார் கணவர், காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"தேடுறதுக்கு இல்லைங்க. நீங்க தேடும்போது நான் பார்க்கிறதுக்கு. கீழே கையெழுத்துப் போடுங்க."

"இருபத்தாறு வருஷமா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கே?"

"அது சும்மா பார்த்தது. இது ஆராய்ச்சி."

கணவர் கையெழுத்துப் போட்டார். மகள் மூன்று தடவை படித்துவிட்டு, "என் பேரு வெளியே வராதுல்ல?" என்று உறுதி வாங்கிக்கொண்டு போட்டாள்.

மாணவிக்கு வயது நாற்பத்தைந்து. பகலில் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜை. வாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை உட்கார வைத்துப் பெயர் எழுதுகிற வேலை. மாலையில் கல்லூரி, சமூகவியல், இளங்கலை கடைசி ஆண்டு. பத்தொன்பது வயதில் கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பு அது. கடைசி ஆண்டில் ஆளுக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வுக்கு முன்னால் அதற்கொரு முன்மொழிவு எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு. பட்டச் சான்றிதழில் தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுகை வந்துவிடும் என்று பயம்.

பேராசிரியைக்கு வயது முப்பத்திரண்டு. கெட்டிக்காரி, நல்லவள், ஆனால் 'குறுக்குங்க' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மாணவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

மாணவி முதலில் கொண்டுபோன தலைப்பு, 'குடும்பமும் சமூகமும்'.

"இதுக்கு ஆயுசு பத்தாதும்மா. குறுக்குங்க."

அடுத்தது, 'குடும்பத்தில் பெண்களின் உழைப்பு'.

"எந்தக் குடும்பம்? எந்த உழைப்பு? இன்னும் குறுக்குங்க."

மாணவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க வீட்டுல எது காணோம்னாலும் என்னைத்தான் கேக்குறாங்க மேடம். கத்தரிக்கோல் எங்கே, சாவி எங்கே, சாக்ஸ் எங்கேன்னு. அதைப் பத்தி எழுதட்டுமா?"

குத்தலாகத்தான் கேட்டாள். பேராசிரியை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"இதுதாம்மா ஆய்வுக் கேள்வி! பொருள்கள் ஏன் தொலையுது? ஏன் ஒருத்தருக்கு மட்டும் அது இருக்கிற இடம் தெரியுது? சரி, உங்க கருதுகோள் என்ன? அதாவது, உங்க அனுமானம்?"

"மத்தவங்களுக்குக் கண்ணு இருக்கு, பார்வை இல்லை."

"அதைக் கொஞ்சம் நாகரிகமா எழுதுங்க."

'குடும்ப உறுப்பினர்களின் கவனக்குறைவே பொருள்கள் தொலைவதற்குக் காரணம்' என்று நாகரிகமாக எழுதினாள்.

"முன்னோட்டமா ஒரு வாரம் உங்க வீட்டையே கவனிங்க. யார், எதை, எத்தனை தடவை தேடுறாங்கன்னு குறிச்சு முன்மொழிவோட இணைக்கணும். ஒரே ஒரு விதி. ஆய்வாளர் பார்க்கணும், எழுதணும். வீட்டுல எதுலயும் கை வைக்கக் கூடாது."

"தேடி எடுத்துக்கூடக் கொடுக்கக் கூடாதா?"

"கூடவே கூடாது."

அப்படித்தான் அந்தச் சம்மதப் படிவம் வந்தது.

திங்கட்கிழமை மாலை, கூடத்தில் நோட்டும் பேனாவுமாக மாணவி உட்கார்ந்தாள். கணவர் ஒரு பால் பாக்கெட்டோடு வந்தார். வழக்கமாக இந்த இடத்தில்தான் "கத்தரிக்கோல் எங்கேம்மா?" என்ற குரல் எழும். பேனாவைத் தயாராகப் பிடித்தாள். கணவர் ஜன்னல் மேடைக்குப் போனார், கத்தரிக்கோலை எடுத்தார், வெட்டினார், ஜன்னல் மேடையிலேயே போட்டுவிட்டுப் போனார்.

மகள் வண்டிச் சாவியை மிக்ஸி பக்கத்தில் வீசினாள். காலையில் மிக்ஸி பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சாக்ஸ் டிவி மேல் கிடந்தது. குடை சாப்பாட்டு மேஜையில் படுத்திருந்தது. மூக்குக் கண்ணாடி அரிசி டப்பா மூடியில். அவள் கண்ணுக்கு வீடு கண்றாவியாக இருந்தது, கை துறுதுறுவென்றது. ஆனால் விதி விதிதான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திறந்தாள். ஏழு நாள், பூஜ்யம். ஒரு குரல்கூட அவளை எதையும் கேட்கவில்லை.

"ஏங்க, ஏதாவது தொலைக்கக் கூடாதா?" என்று கெஞ்சினாள்.

"இப்போதான் பொறுப்பா இருக்கோம். அதுக்கும் திட்டா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. கையெழுத்து வாங்கியதுதான் தப்பு. தங்களைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் யார்தான் ஒழுங்காக இருக்க மாட்டார்கள்? மருத்துவமனையிலும் பார்த்திருக்கிறாளே, டாக்டரைப் பார்க்க வருகிற அன்று மட்டும் பல்லை மூன்று தடவை தேய்த்துவிட்டு வருவார்கள். ஆகவே இவர்களை மறக்கடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அறிவித்தாள்: "ஆராய்ச்சியை விட்டுட்டேன்."

நோட்டைக் கைப்பைக்குள் மறைத்துக்கொண்டாள். எதையும் தொடாமல் ஓரக்கண்ணால் மட்டும் கவனித்தாள். கணவர் பதறிப்போய் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அவளை ஒரு வேலையும் செய்ய விடாமல் தாங்கு தாங்கென்று தாங்கினார். சமைத்தார், துவைத்தார். ஒன்றையும் தொலைக்கவில்லை.

மகள் இன்னும் ஒரு படி மேலே போனாள்.

புதன்கிழமை மாணவியின் போன் அடித்தது. பேராசிரியை.

"என்னம்மா, படிப்பையே விட்டுட்டீங்களாமே? உங்க பொண்ணு போன்ல ஒரே அழுகை. நான் பட்டியல்ல உங்க பேரை அடிச்சு ஆபீசுக்கு அனுப்பிட்டேனே!"

மாணவிக்கு உயிரே போய்விட்டது. இடுக்கியைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல்காரரை அப்படியே விட்டுவிட்டு, மருத்துவமனைச் சீருடையோடு கல்லூரிக்கு ஓடினாள். நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"சம்மதம் வாங்கிட்டு, ஆய்வு முடிஞ்சிடுச்சுன்னு பொய் சொல்லிக் கவனிச்சீங்களா?" பேராசிரியை தலையில் கை வைத்துக்கொண்டாள். "அது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா?"

"அதுலயும் பூஜ்யம்தான் மேடம்."

பேராசிரியை சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெயரை மறுபடி சேர்த்தாள். "சனிக்கிழமை காலையில ஒப்புதல் கூட்டம். அதுக்குள்ள வேற ஒரு வீட்டைக் கவனிச்சுட்டு வாங்க. உள்ளதை உள்ளபடி எழுதுங்க."

வேறு வீடு என்றால் நாத்தனார் வீடு. அடுத்த தெருதான். வியாழக்கிழமை மாலை போனாள். நாத்தனாரும் அவள் கணவரும் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார்கள். படிவத்தில் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள் நாத்தனார். சோபா முழுக்கத் துணியும் பேப்பரும் பைகளும். மாணவி கிடந்ததை ஒதுங்க வைத்து, உட்கார ஓர் இடம் செய்துகொண்டு, நோட்டைப் பிரித்தாள்.

பத்தாவது நிமிஷம் தலையில் துண்டோடு நாத்தனார் வந்தாள். "அண்ணி, இங்கேதான் என் கண்ணாடியைக் கழட்டி வெச்சேன்..."

மாணவி எழுதினாள்: ஒன்று.

"என் பெல்ட் எங்கே?" என்று உள்ளேயிருந்து நாத்தனார் கணவர். இரண்டு.

"கேஸ் புக்கு?" மூன்று. "சார்ஜர்?" நான்கு.

"இந்த வீட்டுல வெச்சது வெச்ச இடத்துல இருக்கும்டி. இன்னிக்கு நீ என்ன பண்ணித் தொலைச்சே?"

"நான் பண்ணேனா? உங்க புத்தி ஆபீசுல இருந்தா பெல்ட் எப்படிக் கிடைக்கும்?"

புருஷனும் பெண்டாட்டியும் குரலை உயர்த்தினார்கள். ஒருவர் இன்னொருவரின் அலமாரியைக் கலைத்தார். பழைய கதைகள் வெளியே வந்தன. பெண் பார்க்க வந்த அன்றைக்கே செருப்பைத் தொலைத்தவர்தானே என்பது வரை போயிற்று. மாணவிக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் இரண்டு வாரமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விலகி, குளுகுளுவென்றிருந்தது. மூன்று மணி நேரத்தில் ஒன்பது!

கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. கவனிப்பு முடிந்துவிட்டதே என்று எழுந்து, ஒன்பதையும் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தாள்.

"எப்படி அண்ணி?"

"அது ஒரு பழக்கம். எங்கே இருக்கும்னு மனசுல படும்."

அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளாமலே வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து முன்மொழிவை எழுதி முடித்தாள். நோக்கம், கேள்வி, கருதுகோள், முறை, முன்னோட்டம். மகள் தட்டச்சு செய்தாள். கணவர் பிழை பார்க்கிறேன் என்று உட்கார்ந்து, 'கவனக்குறைவு' என்ற சொல் வரும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார்.

சனிக்கிழமை காலை, கூட்டத்துக்கு அரை மணி முன்னாலேயே மாணவி பேராசிரியையின் அறைக்குப் போய்விட்டாள். அறையில் யாரும் இல்லை. பேராசிரியை வகுப்பு முடிந்து வந்து, முன்மொழிவை வாங்கி, முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. நிஜமா. ஆனா ஒரே ஒரு கேள்வி. அதுக்குப் பதில் சொன்னா இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"கேளுங்க மேடம்."

"உங்க வீட்டுல ரெண்டு வாரத்துல பூஜ்யம். நாத்தனார் வீட்டுல மூணு மணி நேரத்துல ஒன்பது. ரெண்டு வீட்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"எங்க வீட்டுல உஷாரா இருந்தாங்க மேடம்."

"ரெண்டாவது வாரம் ஆய்வே இல்லைன்னு சொல்லிட்டீங்களே? அப்பவும் பூஜ்யம்தானே? அதோட, நாத்தனார் வீட்டுலயும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் தொலைச்சிருக்காங்க."

மாணவி நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"வேற ஏதோ ஒண்ணு மாறியிருக்கும்மா. அது என்னன்னு தெரியாம இந்தக் கருதுகோளை ஏத்துக்க முடியாது. எனக்கு மனசில்லைதான், ஆனா அடுத்த வருஷம்னு எழுத வேண்டியிருக்கும்."

அடுத்த வருஷம். மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது. பல் பிடுங்க வந்தவர்களுக்கெல்லாம் "ஒண்ணும் இல்லைங்க, ஒரு நிமிஷம்தான்" என்று சொல்லிச் சொல்லிப் பழகியவளுக்குத் தனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

பேராசிரியை பேனாவுக்காக மேஜையில் கையை நீட்டினாள். கை அப்படியே நின்றது.

"பேனா இங்கேதானே வெச்சிருந்தேன்?"

கோப்புகளைப் புரட்டினாள். "ஒப்புதல் படிவம்? துறை முத்திரை? இங்கே ஒரு கட்டு விடைத்தாள் இருந்துச்சே! கடவுளே, என் கைக்கடிகாரம்?"

கலங்கிய கண் சட்டென்று பளிச்சிட்டது. மாணவி நோட்டைத் திறந்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு! பார்த்தீங்களா மேடம்? படிச்சவங்க, படிக்காதவங்க வித்தியாசமே இல்லை. எல்லாம் கவனக்குறைவுதான்!"

நேராக இரும்பு அலமாரிக்குப் போனாள். மேல் தட்டில் விடைத்தாள், ஓரம் சீராக. அதன்மேல் படிவம். கீழே ஒரு டப்பாவுக்குள் முத்திரை, பேனா, துணியில் சுற்றிய கைக்கடிகாரம். ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள்.

பேராசிரியை அசந்துபோனாள். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"அது எல்லாருக்கும் வராது மேடம்," என்றாள் மாணவி அடக்கமாக.

டீ கொண்டுவந்த அட்டெண்டர், தம்ளர்களை வைத்தபடியே சொன்னார்:

"நீங்க வகுப்புல இருந்தப்போ, மேஜையில கிடந்ததை எல்லாம் இந்தம்மாதான் பத்திரமா எடுத்து வெச்சாங்க, மேடம்."