பிரின்சுக்கு ஒரு சேணம்

"பிடியுங்கோ! பிடியுங்கோ!" என்று சுதாகரன் கத்தி முடிப்பதற்குள் சேணம் வழுக்கிப் போய்க் குதிரையின் வயிற்றுக்குக் கீழே தொங்கியது. இன்றைக்கு இது மூன்றாவது தடவை.

மாப்பிள்ளை மயூரதன் மட்டும் பக்கத்தில் அமைதியாக நின்றார். நீலச் சட்டையில் ஒரு பொட்டுப் புழுதி இல்லை.

"விழுந்திட்டியளோ மச்சான்?"

"இல்லை, இல்லை. இறங்கிட்டன்."

அவர் இறங்கியதை ஒருவரும் காணவில்லை. ஏறியதையும்தான். அவ்வளவு நளினமான மனிதர். வெளிநாட்டில் உடற்பயிற்சி செய்கிறவராக்கும் என்று சுதாகரன் மனதுக்குள் மெச்சிக்கொண்டான். மெச்சி என்ன செய்ய? அடுத்த கிழமை கலியாணம். சேணம் நிற்கமாட்டேன் என்கிறதே!

சுதாகரனுக்குக் கொடிகாமம் சந்தைக்குப் பின்னால் குஷன் கடை. ஓட்டோ, மோட்டார் சைக்கிள், மினிபஸ் என்று எதைக் கொண்டுவந்து விட்டாலும் அளவெடுத்து சீற் தைத்துக் கொடுப்பான். குதிரை மட்டும் அதுவரை வந்ததில்லை. அதுவும் இப்போது வந்துவிட்டது. எல்லாம் தங்கச்சி சாருஜாவுக்காக.

சாருஜாவுக்கு முப்பத்தெட்டு வயது. செவ்வாய்க் குற்றம். வந்த சம்பந்தமெல்லாம் சாதகத்தோடேயே திரும்பிப் போயின. தரகர்மார் வீதியில் சுதாகரனைக் கண்டால் சைக்கிளை அடுத்த ஒழுங்கைக்குள் திருப்பினார்கள். அவளோ கலியாண வீடுகளுக்குப் போவதை விட்டாள். பிறகு சிரிப்பதையும் விட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பின்னேரம் இந்த மயூரதன் தன்பாட்டில் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஒஸ்லோவாம். சீதனம் வேண்டாமாம். சாதகம் என்றால் சொல்லி வைத்து எழுதியதுபோல் பொருந்தியது.

"உங்கடை ஆக்கள் எங்கை இருக்கினம்?" என்று சுதாகரன் கேட்டான்.

"எல்லாரும் ஒரே இடத்திலைதான். கூப்பிட்டால் வருவினம். கூப்பிடாமல் விடுறது நல்லது."

பந்திச் செலவு மிச்சம் என்று சுதாகரன் சந்தோஷப்பட்டான். தேத்தண்ணி கொண்டுவந்த சாருஜாவிடம் அவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! சுதாகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சம்பந்தமும் குழம்பினால் அவள் இனி ஒருநாளும் சிரிக்கமாட்டாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தேத்தண்ணியை அவர் குடிக்கவில்லை. வயிறு சரியில்லையாம்.

மாப்பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னை வாகனத்திலை மட்டும் ஏத்தாதேங்கோ மச்சான். கண்டி வீதியிலை ஒருக்காப் பட்டது எனக்குக் காணும்."

அதற்காக மாப்பிள்ளையை நடத்திக் கூட்டிவந்தால் ஊர் சும்மா விடுமா? அப்படித்தான் குதிரை வந்தது.

தேயிலைத் தோட்டமொன்றில் துரையாக இருந்து இளைப்பாறி மீசாலையில் குடியிருந்த ஐயா ஒருவர் நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்த பந்தயக் குதிரை அது. பெயர் பிரின்ஸ். ஐயா செத்து இரண்டு வருஷம். காவல்காரர் இளையதம்பிதான் அதற்குப் புல்லும் தண்ணீரும் வைக்கிறவர். வயது போன குதிரைக்கு முதுகு பழைய கயிற்றுக் கட்டில்போலத் தொய்ந்து கிடந்தது. பிடரி முடிகிற இடத்தில் எலும்பு மேடு. ஐயாவின் பழைய சேணத்தை வைத்தால் நடுவில் கை போகிற இடைவெளி.

"உந்த முதுகுக்கு ஒரு சேணமும் சரிவராது தம்பி" என்றார் இளையதம்பி.

"நான் எத்தினை ஓட்டைச் சீற் பாத்தனான் அண்ணை! இது என்ன பெரிய வேலை?"

கம்பியை முதுகின்மேல் வளைத்து அளவெடுத்து, ஸ்பொஞ்சு வெட்டி, சிவப்பு ரெக்சீனில் சேணம் தைத்தான். தானே ஏறி இருந்து பார்த்தான். சுதாகரன் நல்ல தாட்டியான ஆள். பிரின்ஸ் அவனைச் சுமந்துகொண்டு வளவைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுப் புல் மேயத் தொடங்கியது. சேணம் இம்மியும் அசையவில்லை.

மாப்பிள்ளை ஏறினார். பிரின்சின் தோல் கழுத்திலிருந்து வால்வரை நடுங்கியது. காது இரண்டும் பின்னால் படுத்துக்கொண்டன. ஒரு சிலுப்பல். சேணம் வயிற்றுக்குக் கீழே!

சுதாகரன் குனிந்து கவனித்தான். மாப்பிள்ளை இருக்கும்போது ஸ்பொஞ்சு கொஞ்சங்கூட அமர்வதில்லை. தைத்த கையோடு எப்படி உப்பி நின்றதோ அப்படியே நின்றது.

"ஸ்பொஞ்சு இறுக்கம் கூடிப்போச்சு. நீங்களும் மெல்லிய ஆள். இளக்கமானது போட்டுக்கொண்டு வாறன்."

இளக்கமான ஸ்பொஞ்சு போட்டான். மாப்பிள்ளைக்கு அதுவும் அமரவில்லை. மெத்தைப் பஞ்சு போட்டான். பரீட்சை பார்க்கத் தான் ஏறியதும் பஞ்சு அப்பளமாகி, எலும்போடு எலும்பு முட்டியது. பிரின்ஸ் கழுத்தைத் திருப்பி அவன் தொடையைக் கடித்தது. இரண்டு நாள் நொண்டினான். மாப்பிள்ளை ஏறினார். பஞ்சு பூப்போல உப்பி நின்றது.

"வாரை இறுக்குவம்" என்றான்.

இறுக்கினான். பிரின்ஸ் மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை ஏறியதும் மூச்சை விட்டது. வார் தொளதொளவென்று தொங்கியது. இன்னும் இறுக்கித் தெருவுக்குக் கொண்டுபோய் நடத்திப் பார்த்தான். குதிரை நடுத்தெருவில் அப்படியே படுத்துவிட்டது. கத்தரிக்காய் ஏற்றிவந்த லொறிகள் சந்தைவரை வரிசையாக நின்றன.

"என்ன சுதா, ஸ்ராட் ஆகுதில்லையோ? தள்ளி விடட்டே?" என்று சந்தை முழுக்கச் சிரித்தது.

அன்று பின்னேரம் இளையதம்பி அவனைத் தனியே மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, குறை நினையாதையும். இது சேணத்தின்ரை பிழை இல்லை. மாப்பிள்ளை ஏறுற நேரம் பிரின்ஸ் எங்கை பாக்குதெண்டு கவனிச்சனீரோ? திரும்பித் தன்ரை முதுகைப் பாக்குது. அங்கை ஏதோ இருக்கு."

"என்ன இருக்கு?"

"எங்கடை ஐயா. அவர் இன்னும் இறங்கேல்லை. தான் இருக்கிற இடத்திலை வேறை ஆளை ஏற விடுவாரே?"

சுதாகரன் இரண்டடி பின்னுக்குப் போனான். அந்த நேரம் பார்த்துப் பிரின்ஸ் ஒருமுறை கனைத்தது. அதன் பக்கத்தில் மாப்பிள்ளை மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு ஏதாவது தெரியுதோ மச்சான்?" என்று கேட்டான்.

மயூரதன் குதிரையின் முதுகைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அங்கை ஒருத்தரும் இல்லை" என்றார். என்ன துணிச்சலான மனிதர்!

வீட்டுக்கு வந்தால் சாருஜா கூறைச்சேலையை மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, குதிரை சரிவராட்டில் விடுங்கோ. ஆனால் கலியாணத்தை மட்டும் தள்ளிப் போட்டிடாதேங்கோ. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு."

இதைக் கேட்ட பிறகு ஒரு அண்ணன் நித்திரை கொள்வானா? விடிந்ததும் தேவாரம் பாடிக்கொண்டே கடையைத் திறந்தான். பேயாக இருந்தால் என்ன, ஐயாவும் ஒரு பயணிதானே! மோட்டார் சைக்கிளுக்குத் தைப்பதுபோல இரண்டு பேர் இருக்கிற நீளச் சேணமாகத் தைத்தான். முன்னால் மாப்பிள்ளைக்கு, பின்னால் ஐயாவுக்கு. ஐயா சாய்ந்திருக்க ஒரு முதுகணையும் வைத்தான். நீளச் சேணம் முன்பக்கம் தூக்காமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டு, பட்டுத்துணியால் மூடினான். இளையதம்பி பின் சீற்றில் ஒரு சுருட்டை வைத்துக் கும்பிட்டார்.

"ஐயா, பின்னுக்கு இருந்து வாங்கோ. தம்பியை முன்னுக்கு விடுங்கோ."

மாப்பிள்ளை ஏறினார். பிரின்ஸ் நடுங்கியது, சிலுப்பியது, முதுகைக் குலுக்கியது. சேணம் அசையவில்லை! கடைசியில் அதுவும் களைத்துப்போய்த் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தது. சுதாகரன் இளையதம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டான்.

கலியாணத்தன்று கோயிலடியிலிருந்து மண்டபம்வரை சனம் வேலியோரமெல்லாம் நின்று பார்த்தது. முன்னால் மேளம். பின்னால் தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை குதிரைமேல். அவருக்குப் பின்னால் வெறும் சீற். அந்தச் சீற்றைக் கண்டதும் கிழவிகள் திருநீற்றை அள்ளிப் பூசினார்கள். குதிரையின் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. அது ஐயாவை நினைத்து அழுகிறது என்று இளையதம்பி சொல்ல, கூடவே நாலு பேர் அழுதார்கள். படமெடுக்க வந்த பெடியன் மட்டும் வேலையைக் கெடுத்தான். குதிரை கிட்ட வரும்போதெல்லாம் கமராவை இறக்கிக் கண்ணாடியைத் துடைப்பதும், திரும்பப் பார்ப்பதும், திரும்பத் துடைப்பதுமாக நின்றான்.

"உன்ரை கமராவைப் பிறகு கழுவு. இப்ப படத்தை எடடா!" என்று சுதாகரன் பாய்ந்தான். அவனும் வியர்க்க வியர்க்க எடுத்தான்.

தாலி ஏறியது. சாருஜாவின் முகத்தைப் பார்த்தவர்கள் கண்பட்டுவிடும் என்றார்கள்.

ஒரு கிழமை போனது. பொம்பிளை மாப்பிள்ளை இரண்டு பேரும் வீட்டு முன்னறையில்தான். மாப்பிள்ளைக்கு இன்னும் வயிறு சரிவரவில்லை. சாப்பாடு போட்டபடி திரும்பி வந்தது. அது போகட்டும், சாருஜா கதைப்பதும் சிரிப்பதும் நாள் முழுக்கக் கேட்டது. சுதாகரன் கூடத்தில் சாய்மனைக் கதிரையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, செத்த ஐயாவையே சமாளித்த தன் கெட்டித்தனத்தை நினைத்து நினைத்துச் சிரித்தான். குதிரைக்கு ஒரு மூட்டை தவிடு அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது போன் அடித்தது.

"வணக்கம் அண்ணை. நான் மேர்சி, குருநகரிலை இருந்து. உங்கடை கலியாண ஆல்பம் நான்தான் செய்யிறன். படமெடுத்த தம்பி அண்டையிலை இருந்து காய்ச்சலிலை கிடக்கிறான், அதுதான் உங்களிட்டைக் கேப்பமெண்டு."

"கேளுங்கோ பிள்ளை. படங்கள் எப்பிடி வந்திருக்கு?"

"நல்ல வடிவு அண்ணை. சோடிச்ச குதிரை, தெருவிலை நிக்கிற சனம், மணவறையிலை அக்கா சிரிச்சுக்கொண்டு இருக்கிறது எல்லாம் துலக்கமாய் இருக்கு."

முன்னறைக்குள் சாருஜா ஏதோ சொல்லிவிட்டுக் கலகலவென்று சிரித்தாள்.

"பிறகென்ன பிள்ளை, என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை அண்ணை. மாப்பிள்ளை நிக்கிற படங்களையும் அனுப்பிவிட்டியள் எண்டால், நான் ஆல்பத்தை முடிச்சிடுவன்."