ராணியை அடக்கி வைத்த கீரி

ஒரு காட்டில், அடித்துக்கொண்டு செத்தவை போக மிச்சம் இருந்த மிருகங்கள் கூடி ஒரு கட்டுப்பாடு போட்டன. இனி எந்தத் தகராறானாலும் பாறைமேல் உட்கார்ந்து செஸ் ஆடித்தான் தீர்க்க வேண்டும். தோற்றவர் வாய் திறக்கக் கூடாது. பெரிய நாகரிகம் வந்துவிட்டதாக நினைப்பு!

மழைக்காலம் நெருங்கும் நேரம். பூவாத்தா என்ற கீரியின் வளைமேல் மொட்டையன் என்ற காட்டுப்பன்றியின் கண் விழுந்தது. அடியில் கிழங்கு இருக்கிறதாம், தோண்ட வேண்டுமாம். உள்ளே கண் திறக்காத குட்டிகள் கிடந்தால் அதற்கென்ன? "வா, ஆடிப் பார்த்துக்கலாம்" என்றது.

பூவாத்தா சும்மாவே நன்றாக ஆடும். பாம்பு தலை தூக்குவதற்குள் கவ்வுகிற இனம், கண் கூர்மைக்குக் கேட்கவா வேண்டும்? ஆனால் வீடு போய்விடுமே என்ற பயத்தில் புத்தி மழுங்கிப்போய், குளக்கரையில் செஸ் வகுப்பு நடத்தும் கொக்கின் காலில் போய் விழுந்தது.

இந்தக் கொக்கு பிறந்ததிலிருந்து ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. எந்நேரமும் யோசிப்பதுபோல் நிற்கும். அதைப் பார்த்தே காடு முழுக்க வாத்தியார் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வெட்கக்கேடு!

"நல்லா மனசுல வாங்கிக்கோம்மா. பலகையோட நடுவைப் பிடி. குதிரையை ஓரத்துல நிறுத்தாதே. ராஜாவைச் சீக்கிரமா கோட்டைக்குள்ள வை. முக்கியமா, ராணியை ஆரம்பத்துலயே வெளியே அனுப்பாதே" என்றது கொக்கு.

"எதிராளி என்ன ஆடுறான்னு பார்க்க வேண்டாமா வாத்தியாரே?"

"அதை அவன் பார்த்துப்பான். நீ விதியைப் பாரு."

பூவாத்தா மாங்கு மாங்கென்று மனப்பாடம் செய்தது. குட்டிகளைத் தூங்கவைக்கும்போதும் இதே பாட்டுதான்.

ஆட்ட நாள் வந்தது. மொட்டையனுக்கு வெள்ளைக் காய். அதற்குத் தெரிந்ததெல்லாம் மூக்கால் முட்டுவது. ராஜாவின் பக்கத்தில் இருந்த சிப்பாயை முட்டித் தள்ளியது. பூவாத்தா விதிப்படி தன் சிப்பாயை நகர்த்தி நடுவைப் பிடித்தது. பன்றி அடுத்த சிப்பாயையும் தள்ளியது. தொலைந்தது! அதன் ராஜா அம்போவென்று நின்றது. பூவாத்தாவின் ராணி குறுக்கே ஓடி ஓரத்தில் நின்றால் செக்மேட். குட்டிகளோடு வளைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

கீரியின் கண் அதைப் பார்த்துவிட்டது. கை ராணிவரை போயும்விட்டது. அந்த நேரம் பார்த்து வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தது, பைத்தியம். கொக்கு கூடாது என்று தலையாட்டியது.

பூவாத்தா ராணியை விட்டுவிட்டுக் குதிரையை எடுத்தது. பிறகு ராஜாவை ஒழுங்காகக் கோட்டைக்குள் வைத்தது. பன்றி அந்தக் கோட்டைமேலேயே சிப்பாய்களை முட்டிக்கொண்டு வந்து, உடைத்து, உள்ளே புகுந்து ராஜாவை மடக்கியது.

"அப்பவே ராணியை வெளியே விட்டிருந்தா ஜெயிச்சிருப்பேனே, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதது கீரி.

"ஜெயிச்சிருப்பே. ஆனா அது தப்பான ஆட்டம். இன்னிக்குத் தோத்தே பாரு, ஒரு பிசகு உண்டா!" என்றது கொக்கு. மிருகங்கள் எல்லாம் கைதட்டின.

கைதட்டல் ஓய்வதற்குள் மொட்டையன் வளையைக் கிளறி எறிந்துவிட்டது. கிழங்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அன்றே மழை பிடித்துக்கொண்டது. பூவாத்தா குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய் ஒரு புதரடியில் போட்டு, மேலே படுத்து நனைந்தது.

மறுநாள் மொட்டையன், ஜெயித்த விதத்தைச் சொல்லித்தரக் கிளம்பியது. "எந்த விதிப்படி ஆடினே?" என்று மிருகங்கள் கேட்டன. "விதியா? முட்டினேன்" என்றது. த்தூ என்று துரத்திவிட்டு எல்லாம் புதருக்கு முன்னால் வரிசை கட்டின.

"அக்கா, நீங்க ஆடின மாதிரியே எங்களுக்கும் சொல்லிக்கொடுங்க!"

பூவாத்தா நடுங்கும் குட்டிகளைப் பார்த்தது. வரிசையைப் பார்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்பை ஆரம்பித்தது.

நீதி: விதிப்படி தோற்றுப் பழகுங்கள். ஜெயித்தால் ஒரு வளைதான் மிஞ்சும்; தோற்றால் வாத்தியார் வேலையே கிடைக்கும்.